வண்டு வந்தால் அசையாதை

சோளகக் காற்று தொடங்கிவிட்டால் நீர்வேலியில் வாழை வைத்திருப்பவனுக்கு நிம்மதி போய்விடும். இலையைக் கிழித்துவிட்டுப் போகிற காற்றென்றால் பரவாயில்லை. இது குலை தள்ளிய மரமாகப் பார்த்துத்தான் சாய்க்கும். அந்த ஆனி மாதம் முழுக்கப் பொன்னம்பலம் பூவரசந்தடி வெட்டி, கவர் பிரிந்த நுனி மேலே வரப் பிடித்து, ஒவ்வொரு குலை மரத்துக்கும் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதாகியும் கூலிக்கு ஆள் பிடிக்காத மனுசன். ஆனால் நான் சொல்லப்போகிற அந்த நாளில் அவருக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. இரண்டு தடிகளை நட்டுவிட்டு ஒழுங்கைப் பக்கம் போய்த் தெருவைப் பார்ப்பதும் திரும்பி வருவதுமாக இருந்தார். நெல்லியடியிலிருந்து றஜிந்தன் என்ற பொடியன் மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தான்.

றஜிந்தனும் பொன்னம்பலத்தின் ஒரே மகன் கஜீபனும் ஒரே பதுங்குகுழியில் நின்று சண்டை பிடித்தவர்கள். எங்கள் சண்டையில் இல்லை. எங்கள் சண்டை ஓய்ந்து பதினைந்து வருசம் கழித்து, பனி கொட்டுகிற நாட்டில், எவரெவரோ அடிபடுகிற சண்டையில். பிரான்சுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் அவர்களை ரஷ்யாவில் இறக்கி வேறு ஆட்களிடம் கையளித்துவிட்டு மறைந்துபோனான். அந்த ஆட்கள் தெரியாத பாஷைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த கிழமை பொடியளுக்குச் சீருடையும் துவக்கும் வந்தன. ஏஜென்சிக்காரன் இன்றைக்கும் எங்கேயோ சுகமாகத்தான் இருக்கிறான். அவனைப் பற்றி எழுதப் புறப்பட்டால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது, விட்டுவிடுகிறேன்.

கஜீபன் முன்னரங்கிலிருந்து எப்போதாவது போனில் எடுப்பான். மனைவி உதயகலாவோடு நாலு வார்த்தை, மகள் லவீனாவோடு நாலு வார்த்தை. மிச்ச நேரமெல்லாம் தகப்பனோடுதான். அவனுக்கு அப்போது தேவைப்பட்டது தகப்பனிடம் இருந்தது. எண்ணிப் பார்த்தால் வயிறு எரிகிறது, ஆனால் உண்மை அதுதான். ஒரு தோட்டக்காரன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடியவற்றில் அந்த நேரம் உதவியது வாழை இல்லை, பங்கர் வெட்டுகிற விதம்.

தொண்ணூற்றைந்தில் வலிகாமத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது பொன்னம்பலமும் மனைவி குணலட்சுமியும் கைக்குழந்தையோடு புறப்பட்டு வன்னிக்குப் போனவர்கள். இரண்டாயிரத்து ஒன்பதில் சனத்தோடு சனமாகக் கடற்கரை மணலில் ஒதுங்கினார்கள். பகலெல்லாம் தலைக்கு மேலே வேவு விமானம் இரையும். சனம் அதற்கு வைத்த பெயர் வண்டு. வண்டு ஒன்றும் போடாது, பார்க்கும். அது அசைவைக் கண்டுவிட்டுப் போனால் பிறகு பீரங்கிச் செல் வந்து விழும். ஒருநாள் வண்டு இரைந்துகொண்டிருக்கும்போதே குணலட்சுமி வெளியே அடுப்பில் கிடந்த கஞ்சிப் பானையை எடுக்க ஓடினாள். பொன்னம்பலம் மகனைக் கீழே போட்டு அவன்மேல் படுத்துக்கொண்டார். செல் விழுந்து ஓடியவள் போய்விட்டாள், படுத்த இருவரும் மிஞ்சினார்கள். அந்தச் சண்டையிலிருந்து பொன்னம்பலம் ஊருக்குக் கொண்டுவந்த படிப்பு அது ஒன்றுதான்.

அதைத்தான் போனிலும் படிப்பித்தார். பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற குரலில் கத்துவார்.

"நேரா வெட்டாதையடா, மடக்கி வெட்டு. வாசலுக்கு நேரை இருக்காதை. மேலை மரக்குத்தி அடுக்கி மண்ணைப் போடு. வண்டு வந்தால் அசையாதை, என்ன? ஓடினால்தான் அதுக்குத் தெரியும். முகம் கவிண்டு படு. எழும்பாதை."

"ஓம் அப்பா. இவங்கள் எல்லாருக்கும் நான்தான் இப்ப சொல்லிக் குடுக்கிறன்" என்பான் கஜீபன். அப்போது பொன்னம்பலத்தின் முகத்தில் ஒரு பெருமை வரும். மகன் கம்பஸுக்குப் போகிற சோதனை பாஸ் பண்ணியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்காது.

பங்குனியோடு போன் நின்றது. சித்திரை போய், வைகாசியும் போனது. காணாமல் போனவர்களில் அவனும் ஒருவன் என்று ஒரு வரிதான் சுற்றிவளைத்து வந்தது. வீடு இரண்டாகப் பிரிந்தது அதற்குப் பிறகுதான். மகன் இல்லை என்று பொன்னம்பலத்தின் மனம் சொல்லிவிட்டது. அவருக்கு வேண்டியது அந்த நாளின் திதி. திதி தெரிந்தால்தான் அந்தியேட்டிக் கிரியை செய்யலாம், வருசா வருசம் திவசம் கொடுக்கலாம். இல்லாவிட்டால் பொடியன் அந்தப் பனிக்குள் பசியோடு அலைவான் என்பது அவருடைய பயம். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று குருக்கள் வழி சொன்னார். அன்றைக்குத்தான் உதயகலா முதல்முதலாக மாமனுக்கு எதிரே குரலை உயர்த்தினாள்.

"உயிரோடை இருக்கிற மனுசனுக்கு எள்ளுந் தண்ணியும் இறைக்கப் போறியளோ? அவர் பிடிபட்டு மறுபக்கத்துச் சிறையிலை இருந்தால்? அவரைக் கண்ணாலை கண்டதெண்டு ஒருத்தர் வந்து என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் இந்த வீட்டிலை ஒண்டும் நடவாது, மாமா."

அவள் சொன்னதில் ஞாயம் இருந்தது. இருக்கிறவனுக்குக் காரியம் செய்த பாவத்தை எந்தத் தீர்த்தத்தில் முழுகிக் கழுவுவது? அதனால்தான், காலில் காயப்பட்ட றஜிந்தன் இரண்டு மூன்று மாதம் ஆஸ்பத்திரிகளில் கிடந்து ஊருக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் இரண்டு பேருமே அவனுக்காகக் காத்திருந்தார்கள். ஒருத்திக்குச் சாகவில்லை என்ற சொல் வேண்டும், மற்றவருக்குச் செத்த நாள் வேண்டும்.

அவன் ஓட்டோவில் வந்து இறங்கினான். இருபத்தாறு வயது இருக்கும். இடது காலை வெளிப்பக்கமாக வளைத்து வைத்து நடந்தான். உதயகலா குத்தரிசிச் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் விளைமீன் குழம்பும் வைத்திருந்தாள். லவீனா அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள், தாய் அதட்டிப் பள்ளிக்கூடச் சினேகிதி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

"கூச்சப்படாமல் சாப்பிடுங்கோ தம்பி. அங்கை என்ன தந்தவங்கள்?"

"தகரத்துக்குள்ளை அடைச்ச இறைச்சி அக்கா. பிறகு கறுத்தத் தானியத்திலை ஒரு கஞ்சி. உப்பும் இல்லை, புளியும் இல்லை. கஜீபண்ணை மாட்டிறைச்சி எண்டு தெரிஞ்சு முதல் கொஞ்ச நாள் தின்னேல்லை. பசி விடுமே? பிறகு திண்டவர். திண்டுபோட்டு, அப்பாட்டைச் சொல்லிப் போடாதை எண்டு எனக்குச் சொன்னவர்." சொல்லிவிட்டுத்தான் பொன்னம்பலம் எதிரே இருப்பது நினைவு வந்து நாக்கைக் கடித்தான்.

"திண்டால் என்ன" என்றார் பொன்னம்பலம். "தின்னட்டும். உவங்கடை பாஷை உங்களுக்கு விளங்கினதோ?"

"எங்கை விளங்கிறது ஐயா. ஓடு, நில், கிடங்கு வெட்டு. அவ்வளவும்தான் தெரியும். அந்த நிலம் எங்கடை செம்மண் மாதிரி இல்லை. பனிக்கு மண் இறுகிப்போய்க் கிடக்கும், மண்வெட்டி பட்டால் நெருப்புப் பறக்கும். அதுக்குள்ளையும் கஜீபண்ணை மடக்கி மடக்கி வெட்டுவார். மற்றவங்கள் நேரா வெட்டிப்போட்டுப் படுத்தாங்கள், செல் விழ அப்பிடியே செத்துப்போனாங்கள். எங்கடை பங்கரைப் பெரியவங்கள் வந்து பாத்திட்டுப் போனவங்கள். நான் செல்லுக்குத் தப்பி இருக்கிறன் எண்டால் அது அண்ணையாலைதான். அண்ணை சொல்லுவார், இதெல்லாம் என்ரை அப்பா படிப்பிச்சது எண்டு."

பொன்னம்பலம் சோற்றுக் கையோடு நிமிர்ந்து இருந்தார். மகன் போன நாளிலிருந்து அவர் அப்படி நிமிர்ந்ததை உதயகலா காணவில்லை. அவள் இன்னொரு மீன் துண்டை றஜிந்தனின் சோற்றுக் கோப்பையில் போட்டாள். போட்டுவிட்டு அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"நீங்கள் இவரைக் கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

றஜிந்தன் முள் எடுப்பதுபோல மீனைக் கிண்டினான். "பங்குனிக்குள்ளைதான் அக்கா. பிறகு என்னை வேறை பக்கம் மாத்திப்போட்டாங்கள்."

"அப்ப நல்லாத்தானே இருந்தவர்?"

"ஓம் அக்கா."

"பிடிச்சுக்கொண்டு போயிருப்பாங்களோ?"

"இருக்கலாம் அக்கா. கனபேரைப் பிடிச்சவங்கள்."

உதயகலாவின் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. நிறையக் காலத்துக்குப் பிறகு அவள் தனக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பொடியனை நான் குறை சொல்லமாட்டேன். உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் அவன் நெல்லியடியிலிருந்து புறப்பட்டு வந்தான். அவள் மீன் துண்டைப் போட்ட கையைப் பார்த்ததும் அவனுக்குச் சொல் வரவில்லை. பொன்னம்பலம் இரண்டையும் கவனித்துக்கொண்டார். அவன் கோப்பையை விட்டு முகத்தை எடுக்காததையும், அவள் சாப்பிட உட்கார்ந்ததையும்.

"வாரும் தம்பி, தோட்டத்தைப் பாத்திட்டு வருவம்" என்றார் கை கழுவியபடி. "வெயில் தணிஞ்சிட்டுது. மோட்டரும் போட்டபடி கிடக்கு."

தோட்டம் வீட்டுக்குப் பின்வளவோடு ஒட்டியது. பாத்திக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னம்பலம் மண்வெட்டியால் ஒரு வாய்க்காலை அடைத்து மறு வாய்க்காலைத் திறந்துவிட்டார். அடுத்த ஒழுங்கையில் ஒரு சாமத்தியவீடு, பெண் பிள்ளைக்குப் பூப்பு நீராட்டு. விடியப்பறமிருந்தே ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு அண்ணன்மார் இருக்கிற வீடு, குதிரை வண்டிலும் வந்திருக்கிறதாம் என்று பேச்சு. றஜிந்தன் ஒரு கவர்த்தடியை எடுத்துக் கொடுத்தான். இருவருமாகச் சேர்ந்து சாய்ந்திருந்த ஒரு இதரை வாழை மரத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்தார்கள்.

"நல்லாய்த் தூக்கிறீர். தோட்டம் செய்தனீரோ?"

"அப்பு வெங்காயம் செய்தவர் ஐயா."

பொன்னம்பலம் தடியின் அடியில் மண்ணை மிதித்து இறுக்கினார். பிறகு முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "தம்பி, உதயகலா இஞ்சை இல்லை. நான் அழமாட்டன், உம்மை ஏசவும் மாட்டன். எனக்கு அந்த நாள் மட்டும் வேணும். தகப்பன் மகனுக்குச் செய்யிறதெண்டது எந்தச் சென்மத்துப் பாவமோ தெரியாது. ஆனால் செய்யாமல் விட்டால் அதைவிடப் பாவம். நீர் கண்டனீர்தானே?"

றஜிந்தன் வாழை மடலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வாய் திறந்தது. சொல்லத்தான் போகிறான் என்று பொன்னம்பலத்துக்குத் தெரிந்தது, தானும் அந்த மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

அப்போது வானத்தில் ஒரு இரைச்சல் கேட்டது. மெல்லிய, அறாத இரைச்சல். சாமத்தியவீட்டுக்குப் படம் பிடிக்க வந்தவர்கள் ட்ரோன் கமராவை மேலே விட்டிருந்தார்கள். அது வேலிக்கு மேலால் எழும்பி, ஊரையும் தோட்டங்களையும் சேர்த்துப் படம் எடுப்பதற்காக வாழைகளுக்கு மேலே வந்தது. ஒழுங்கையில் நின்ற பிள்ளைகள் கையாட்டிக் கத்தினார்கள்.

றஜிந்தன் கையிலிருந்த தடியை வீசிவிட்டு ஓடினான். அந்தக் காலோடு அவ்வளவு வேகமாக ஒருவன் ஓடுவான் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஒரு வாழையிலிருந்து இன்னொன்றுக்கு வளைந்து வளைந்து ஓடினான். பொன்னம்பலத்துக்கு என்ன ஏது என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. இரைச்சல் காதுக்குள் போனதும் உடம்பு தன்பாட்டில் விழுந்துவிட்டது. தண்ணீர் பாய்ந்த பாத்திக்குள் முகம் கவிழ்ந்து கிடந்தபடி கத்தினார்.

"படு! ஓடாதை, படடா தம்பி! அசையாதை!"

ஓடியவன் திரும்பி வந்தான். அவர் கையைப் பிடித்து இழுத்தான், சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் கண்ணில் நீர்வேலியும் இல்லை, வாழையும் இல்லை.

"படுக்காதேங்கோ! எழும்புங்கோ ஐயா, ஓடுங்கோ! படுத்துத்தானே கஜீபண்ணை செத்தவர்!"

ட்ரோன் ஒரு வட்டம் சுற்றிவிட்டுச் சாமத்தியவீட்டுப் பக்கம் திரும்பிப் போனது. இரைச்சல் போன பிறகுதான் றஜிந்தன் தான் சொன்னதைக் கேட்டான். பொன்னம்பலம் சேற்றிலிருந்து தலையைத் தூக்கினார். வரம்பில் உதயகலா நின்றாள். தேத்தண்ணிப் போத்தலும் மூன்று கிளாசும் கொண்டு வந்திருந்தாள்.

அவள் குளறி அழவில்லை. குளறியிருந்தால் நன்றாயிருந்திருக்கும், அயல் வீட்டுக்காரர் நாங்கள் நாலு பேர் அங்கே ஓடிப் போயிருப்போம். அவள் போத்தலை வரம்பில் சாயாமல் வைத்தாள். கிளாசுகளை அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். பிறகு றஜிந்தனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லுங்கோ."

"அக்கா…"

"என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ தம்பி. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

றஜிந்தன் அழுதுகொண்டே சொன்னான். "விறகு பொறுக்கப் போனனாங்கள் அக்கா, நானும் அண்ணையும். வெட்டை வெளி. சத்தம் கேட்டுது. நான் பத்தைக்குள்ளை ஓடிட்டன். அண்ணை படுத்திட்டார். எனக்கும் கத்தினவர், ஓடாதை, வண்டு பாத்திட்டுப் போயிடும் எண்டு. அது பாக்கிற வண்டில்லை அக்கா. அதுதான் குண்டு. அதை ஒருத்தன் எங்கையோ இருந்து ஓட்டிக்கொண்டு வாறான். ஓடுறவனுக்கு ஒரு மரமாவது கிடைக்கும். கிடக்கிறவனுக்கு மேலை அது ஆறுதலா வந்து இறங்கும். அதுவரைக்கும் எங்கடை பக்கம் செல்தான் வந்தது, எங்களுக்கு உது தெரியாது. நான் கத்தினனான் அக்கா. எழும்பு அண்ணை எண்டு கத்தினனான்."

"அவர் எழும்பப் பாக்கேல்லையோ?"

"இல்லை அக்கா. கடைசி மட்டும் அசையேல்லை."

"பிறகு?"

"தூக்கப் போனனான். ரெண்டாவது வந்திட்டுது. அதிலைதான் எனக்குக் கால். என்னை இழுத்துக்கொண்டு போனாங்கள். அண்ணையை எடுக்கேல்லை."

பொன்னம்பலம் பாத்திக்குள்ளேயே இருந்தார். தண்ணீர் அவரைச் சுற்றி நிறைந்து அடுத்த பாத்திக்கு வழிந்துகொண்டிருந்தது. முகத்தில் ஒட்டிய சேற்றைத் துடைக்கவும் இல்லை. இவ்வளவு மாதம் ஒரு நாளுக்காக அலைந்த மனுசன் இப்போது அதைக் கேட்கவில்லை. கேட்டவள் உதயகலாதான்.

"எண்டைக்கு அது?"

"திகதி தெரியாது அக்கா. அங்கை ஆர் திகதி பாக்கிறது."

"நிலவு? நிலவு தெரிஞ்சிருக்குமே?"

அவன் கண்ணை மூடி யோசித்தான். "நிலவு தெரியும். நிலவு காலத்திலை நாங்கள் வெளிக்கிடுறேல்லை. அண்டைக்குப் பொழுதுபடேக்கை மேற்காலை பிறை. மெல்லிசு, நூல் மாதிரி. அது கெதியாப் பட்டிடும், பிறகு இருட்டு எண்டுதான் விறகுக்குப் போனனாங்கள். பனி கரைஞ்சு சேறாக் கிடந்தது."

"பங்குனியிலை மூண்டாம் பிறை" என்றாள் உதயகலா. மாமனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டதோ மாமா? குருக்களிட்டைச் சொன்னால் அவர் பஞ்சாங்கத்தைப் பாத்துத் திதியைச் சொல்லுவார். கீரிமலைத் தீர்த்தத்திலை வைச்சுச் செய்வம்."

பொன்னம்பலம் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "என்னாலை ஏலாது பிள்ளை. நான் என்னெண்டு செய்யிறது? வேறை ஆரையும் கேள். என்ரை தம்பியின்ரை மகனைக் கேள். நான்தானே அவனை… நான் சொன்னதைக் கேட்டுத்தானே அவன்…" நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். குணலட்சுமி செத்த அன்று வாயைப் பொத்தி அடக்கிய அழுகையும் அதற்குள் இருந்தது என்று நினைக்கிறேன்.

உதயகலா அவர் அழுது அடங்கும்வரை நின்றாள். கிட்டப் போகவில்லை, கையைப் பிடித்துத் தூக்கவும் இல்லை. றஜிந்தன்தான் அவரைத் தூக்கி வரம்பில் இருத்தினான்.

"வேறை ஒருத்தரும் வேண்டாம், மாமா" என்றாள் அவள். "நீங்கள்தான் செய்யவேணும். நீங்கள் சொன்னதெல்லாத்தையும் அவர் கேட்டவர், கடைசி மூச்சு மட்டும் கேட்டவர். இப்ப நான் சொல்லுறதை நீங்கள் கேளுங்கோ."

அவர் தலையைக் குனிந்தபடி ஆட்டினார்.

அவள் குனிந்து ஒரு கிளாசை நிமிர்த்தித் தேத்தண்ணி வார்த்து றஜிந்தனிடம் கொடுத்தாள். இன்னொன்றை வார்த்து மாமனுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது கிளாசைத் தொடவில்லை. மோட்டரை நிறுத்துவதற்காகக் கிணற்றடிப் பக்கம் போனவள், பாதி வழியில் நின்று திரும்பினாள்.

"லவீனா வந்திடுவாள். அவளுக்கு நான் சொல்லுறன்" என்றாள். "நீங்கள் அவளுக்கு ஒண்டும் சொல்லிக் குடுக்க வேண்டாம், மாமா. இனிமேல் ஒண்டும்."

"ஓம் பிள்ளை" என்றார் பொன்னம்பலம்.